கோகோத் தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி, மார்ச் 2, 2024

சாக்லேட்டின் ருசி முழுக்க ஃபாக்டரியில் வருவது. பால், சர்க்கரை, வறுக்கிற மிஷின், அவ்வளவுதான். கொட்டை வெறும் கொட்டை. கோகோத் தோட்டத்தைப் பார்க்க என்று கடல் தாண்டிப் போகிறார்களே, அங்கே மரத்தைத் தவிர என்ன இருக்கிறது? ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவிலேயே அந்த மரம் நிற்கிறது. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 3

அந்த ஆனைமலைப் பக்கத்து மரங்களில் 400 எங்களுடையவை. தென்னைக்கு ஊடுபயிராக நட்டு 14 வருஷம் ஆகிறது. காயைப் பறித்து, உடைத்து, ஈரக் கொட்டையைச் சாக்கில் கட்டி அன்றைக்கே வியாபாரியிடம் எடை போட்டுவிடுவோம், அதோடு சரி. அந்தக் கொட்டை அப்புறம் என்ன ஆகிறது என்று நான் கேட்டதே இல்லை. நீங்கள் சொல்வதைத்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன், போன மாதம் வரை.

மகள் கிரெனடாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். கரீபியன் பக்கத்துச் சின்னத் தீவு நாடு. மேப்பில் திருவண்ணாமலையிலிருந்து நேர் மேற்கே கோடு இழுத்தால் கிட்டத்தட்ட அங்கே போய் முட்டும், அதே 12 டிகிரி. ஒட்டியிருக்கிற குட்டித் தீவுகளையும் சேர்த்து 344 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியை விடச் சின்னது. நானும் வீட்டுக்காரரும் பிப்ரவரியில் மூன்று வாரம் அங்கே இருந்தோம். பிப்ரவரி 7 அவர்கள் சுதந்திரம் வாங்கி 50 வருஷம் நிறைந்த நாள். ரோட்டோரக் கல், பாலத்துக் கைப்பிடி, லைட்டுக் கம்பம், எதையும் விடாமல் சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்திருந்தார்கள். அந்த வண்ணத்துக்கு நடுவே மலை ஏறினால் இரண்டு பக்கமும் கோகோ, ஜாதிக்காய், வாழை, சீமைப்பலா.

கேள்விக்கு நேராக வருகிறேன். காயிலிருந்து எடுத்த ஈரக் கொட்டையைக் கடித்துப் பாருங்கள். கசக்கும், துவர்க்கும், சாக்லேட் வாசம் துளிகூட இருக்காது. அதை அப்படியே வெயிலில் காயவைத்து எவ்வளவு விலை உயர்ந்த மிஷினில் போட்டு வறுத்தாலும் அந்த வாசம் வராது. காய் உடைத்த அன்றிலிருந்து ஒரு வாரம் கொட்டையைப் புளிக்க வைக்க வேண்டும், அப்புறம் ஒரு வாரம் காயவைக்க வேண்டும். ஃபாக்டரிக்காரர் வறுப்பதற்கு எடுக்கும்போது ருசிக்கு வேண்டியது பாதிக்கு மேல் உள்ளே ஏறியிருக்கும். அரிசியும் உளுந்தும் ஆட்டியவுடனே தட்டில் ஊற்றினால் அது இட்லியா? இட்லிப் பானையை மட்டும் பார்த்துவிட்டு இட்லி பானையில்தான் வருகிறது என்று சொல்வது போலத்தான் நாம் இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 4

புளிக்க வைப்பது என்றால் எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

தீவின் வடக்கே செயின்ட் பாட்ரிக் பகுதியில் இரண்டு இடம் போனோம். ஒன்று பெல்மான்ட் எஸ்டேட், வெளியூர்க்காரர்களுக்காகத் திறந்து வைத்திருக்கிற பெரிய இடம். இன்னொன்று அதைவிடச் சின்னது, பெயர் வேண்டாம், டிக்கெட் கிடையாது, வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். போனவுடனே நான் காயைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "முதலில் குட் மார்னிங், டார்லிங்" என்றார். அந்த ஊரில் பஸ்ஸில் ஏறினால்கூட எல்லோருக்கும் பொதுவாக ஒரு குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். சொன்னேன். அப்புறம்தான் நடந்தார்.

கல் சுவர், மேலே தகரம், உள்ளே நெஞ்சு உயரத்துக்கு மரப்பெட்டிகள் வரிசையாக. அடியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள், சாறு வடிய. மேலே வாழை இலை மூடி, இலைமேல் சாக்கு. முதல் பெட்டியில் இலையை விலக்கினார். கொட்டைகள் சீத்தாப்பழச் சுளை மாதிரி வெள்ளையாக, பிசுபிசுவென்று இருந்தன. பாலக்காட்டு ரோட்டில் கள்ளுக்கடையைத் தாண்டும்போது ஒரு வாசம் வருமே, அதே வாசம். அடுத்த பெட்டியில் வெள்ளை கரைந்து போயிருந்தது, வினிகர் நெடி மூக்கைக் குத்தியது. மூன்றாவது பெட்டியில் கொட்டை பழுப்பேறிக் கிடந்தது. "கையை விடு" என்றார். முழங்கை வரை விட்டேன். நெல் அவிக்கிற அண்டாவுக்குள் விட்ட மாதிரி சூடு. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, கரண்ட் இல்லை. அந்தச் சூடு கொட்டை தானாகக் கிளப்புவது.

மகள் விளக்கினாள். கொட்டையைச் சுற்றியிருக்கும் இனிப்புச் சதையை முதலில் ஈஸ்ட் தின்று சாராயமாக்குகிறது. சதை கரைந்து வடிந்ததும் காற்று உள்ளே போகிறது, வேறு பாக்டீரியா வந்து சாராயத்தை வினிகராக்குகிறது, அப்போதுதான் சூடு 45, 50 டிகிரி வரை ஏறுகிறது. அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் கொட்டைக்குள் முளை செத்துவிடுகிறது. முளை செத்தபிறகு உள்ளே அறை அறையாகப் பிரிந்திருந்ததெல்லாம் உடைந்து ஒன்றோடு ஒன்று கலக்கிறது. சாக்லேட் வாசத்துக்கான மூலம் அந்தக் கலப்பில் உண்டாகிறது. வறுப்பது அதை வெளியே கொண்டுவருகிற வேலை. வாழை இலை வெறும் மூடி என்று நினைத்தேன். இலையில் இருக்கிற ஈஸ்டும் சேர்ந்து வேலை செய்கிறது.

அந்த அம்மா பெட்டிக்கு ஒரு கொட்டை எடுத்துக் கத்தியால் நெடுக்காக வெட்டி என் உள்ளங்கையில் வைத்தார். முதலாவது கத்தரிக்காய் நிறம், வழவழவென்று மூடி இருந்தது. மூன்றாவது பழுப்பு, நடுவில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பிளந்திருந்தது. இத்தனை வருஷமாக நான் விற்றுக்கொண்டிருந்தது அந்த முதலாவது.

மார்ச் 4, இரவு

ஒரு திருத்தம். கொட்டையைத் தினமும் கிளறுவார்களா என்று கேட்டவருக்கு ஆமாம் என்று பதில் போட்டுவிட்டேன், அதை அழித்துவிட்டேன். அங்கே இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததுக்கு வாரிப் போடுகிறார்கள். பெட்டிகள் வரிசையாக இருப்பதே அதற்காக. அடிக்கடி கிளறினால் சூடு இறங்கிவிடும், கிளறாமலே விட்டால் காற்றுப் படாமல் நடுவில் அழுகும்.

மார்ச் 8

"மரத்தைத் தவிர என்ன" என்று கேட்டிருந்தீர்கள். மரத்தையே நான் சரியாகப் பார்த்ததில்லை என்று அங்கே போய்த்தான் தெரிந்தது.

பூ அடிமரத்திலும் பெரிய கிளையிலும் நேராகப் பூக்கும், அது தெரியும். சட்டைப் பித்தானை விடச் சின்னது, வெள்ளையும் இளஞ்சிவப்பும். ஆயிரக்கணக்கில் பூத்து நூற்றுக்கு ஐந்துகூடக் காய்க்காது. ஏன் என்று தெரியாமல்தான் இருந்தேன். மகரந்தம் சேர்ப்பது தேனீ கிடையாது, கண்ணுக்கே சரியாகத் தெரியாத, கொசு மாதிரி ஒரு குட்டிப் பூச்சி. அது வளர்வது மரத்தடியில் மக்கிக் கிடக்கும் ஈர இலைக்குள், அழுகிய வாழைத் தண்டுக்குள், உடைத்துப் போட்ட காய்த் தோலுக்குள். அந்தத் தோட்டத்தில் கணுக்கால் புதைய இலை கிடந்தது. வீட்டுக்காரர் "கூட்ட ஆள் இல்லை போல" என்று மெதுவாகச் சொன்னார். எங்கள் தோப்பில் வாரத்துக்கு ஒரு நாள் ஆள் விட்டுத் துப்புரவாகக் கூட்டி அள்ளி எரிக்கிறோம். காசு கொடுத்து அந்தப் பூச்சியைக் கொன்றிருக்கிறோம். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கூட்டுவதை நிறுத்தினேன்.

காய் பறிப்பதும் அப்படித்தான். கைக்கெட்டுகிற காயைக் காம்பில் கத்தி வைத்து அறுக்கிறார்கள், திருகி இழுப்பதில்லை. மேலே இருப்பதற்கு நம்ம தொரட்டி மாதிரியே மூங்கில் நுனியில் வளைந்த கத்தி. காம்பு ஒட்டியிருக்கிற புடைப்பில்தான் அடுத்த வருஷமும் பூ வரும், அதைக் கிழித்துவிட்டால் அந்த இடம் போயிற்று. எங்கள் ஆள்கள் காயைப் பிடித்துத் திருகுவார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. சொல்லிக் கொடுக்க எனக்கே தெரியாது.

மார்ச் 10

பழைய எஸ்டேட் என்றதும் ஒருவர் "எவ்வளவு அழகான வாழ்க்கை" என்று எழுதியிருந்தார். இடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அந்தத் தீவில் எஸ்டேட் என்றாலே அடிமைகள் வேலை செய்த இடம். பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, 1763ல் இங்கிலீஷ்காரர்கள் கைக்குப் போனது, கரும்புதான் பிரதானம். காப்பியும் கோகோவும் மலைச்சரிவில். 1795ல் ஜூலியன் ஃபெடான் என்பவர் தலைமையில் பெரிய கலகம் நடந்தது. அவரே பெல்விடேர் என்ற காப்பி, கோகோ எஸ்டேட்டின் சொந்தக்காரர், கலப்பினத்தவர். ஒரு வருஷத்துக்கும் மேல் தீவில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. 1796ல் அடக்கிவிட்டார்கள், ஃபெடான் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1834ல், முழு விடுதலை 1838ல். விடுதலையானவர்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை, சரிவில் துண்டு நிலத்தில் கோகோ வைத்தார்கள். கரும்புக்கு ஆலை வேண்டும், முதலாளி வேண்டும். கோகோவுக்கு ஒரு கத்தி, ஒரு பெட்டி, வெயில் போதும். அந்தத் தீவு கோகோத் தீவானது அப்படித்தான்.

அப்புறம் ஆள் போதாமல் இந்தியாவிலிருந்து கூட்டிப் போனார்கள். 1857 மே 1ல் மெய்ட்ஸ்டோன் என்ற முதல் கப்பல் மதராஸிலிருந்து வந்து சேர்ந்தது. 1885 வரை மொத்தம் 3,200 பேர் அளவில் போயிருக்கிறார்கள். பெல்மான்ட் எஸ்டேட்டை 1944ல் நார்பர்ட் நயாக், லிரிஸ் நயாக் என்ற தம்பதி வாங்கினார்கள். அந்தத் தீவில் எஸ்டேட் வாங்கிய முதல் இந்திய வம்சாவளியினர் அவர்கள். கூலியாக வந்தவர்களின் வம்சம் 90 வருஷத்துக்குள் வாசல் கதவுச் சாவியை வாங்கியிருக்கிறது. அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 11

நேற்று எழுதியதில் தப்பு. மெய்ட்ஸ்டோன் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கப்பல். மதராஸிலிருந்து கப்பல்கள் போனது டிரினிடாடுக்கும் கயானாவுக்கும், அந்த ஞாபகத்தில் மாற்றி எழுதிவிட்டேன். அங்கே நின்றபோது நம்ம ஊர்ப் பெயர் ஏதாவது காதில் விழாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். கேள்விப்பட்டதை அப்படியே பிடித்துக்கொண்டதற்கு அந்த ஏக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 15

கோகோ நடனம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், வீடியோ பார்த்திருப்பீர்கள். பெரிய இரும்புக் கொப்பரை (தேங்காய்க் கொப்பரை இல்லை, வெல்லம் காய்ச்சுவோமே, அந்த மாதிரி, அந்தக் காலத்தில் கரும்புச் சாறு காய்ச்சியது) நிறையக் காய்ந்த கொட்டையைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மேளம் அடிக்க வெறுங்காலோடு உள்ளே இறங்கி ஆடுவார்கள். ஒட்டியிருக்கிற காய்ந்த சதை உரிந்து கொட்டை பளபளவென்று ஆகிவிடும், பூஞ்சைக்கும் இடம் குறையும். ருசிக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. பார்க்க நன்றாக இருக்கும், மகளும் ஏறி ஆடினாள்.

எனக்கு மனசில் நின்றது வேறு. வெளியே காயவைக்கிற இடம். கட்டடத்துக்கு அடியிலிருந்து தண்டவாளம் மாதிரி இரும்பு நீளுகிறது, அதன்மேல் சக்கரம் வைத்த பெரிய பெரிய மரத் தட்டுகள், மேசை இழுப்பறை மாதிரி வெளியே இழுத்து வெயிலில் விடுகிறார்கள். தூறல் விழுந்தால் தள்ளி உள்ளே விட்டுவிடலாம். நாங்கள் இங்கே கொப்பரை காயும் களத்தில் மேகம் கருத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் ஓடுகிறோம், அங்கே இரண்டு பேர் தள்ளினால் முடிந்தது. வீட்டுக்காரர் குனிந்து சக்கரத்தை அளந்து பேப்பரில் படம் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டுக்குள் இறங்கினார். பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து, ஒரு பாதத்தை ஒட்டி இன்னொன்று, நேர்கோட்டில் போய்த் திரும்பினார். பின்னால் உழுத சால் மாதிரி வரி வரியாகக் கோடு. அடியில் இருந்த கொட்டை மேலே வந்துவிட்டது. களத்தில் காயும் நெல்லை எங்கள் அத்தை காலால் கிண்டிவிட்டது அப்படியே கண் முன்னால் வந்தது, அதே நடை, அதே கோடு. அரை மணிக்கு ஒரு தடவை, காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஆறேழு நாள். ஈரம் நூற்றுக்கு ஏழு அளவுக்கு இறங்க வேண்டும். அவருக்கு அளக்கிற கருவி தேவைப்படவில்லை. ஒரு பிடி எடுத்து இறுக்கினார், மொறுமொறுவென்று சத்தம் வந்தது, "இது நாளைக்கு" என்றார். பக்கத்துத் தட்டில் இறுக்கினார், சத்தம் கம்மி. "இது ஞாயிற்றுக்கிழமை."

போனால் அந்த நடையைப் பாருங்கள். நடனத்துக்கு மேளம் இருக்கிறது, கைதட்ட ஆள் இருக்கிறது. நடைக்கு வெயில்தான்.

மார்ச் 19

கோகோ டீ செய்முறை கேட்டவர்களுக்கு. அங்கே காலை ஆகாரத்தோடு குடிப்பது இதுதான். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, சூட்டோடு அரைத்தால் கொழுப்பு விட்டுக் களியாகும். அதை உருண்டையோ நீளக் குச்சியோ பிடித்துக் காயவைத்து விற்கிறார்கள், உள்ளேயே ஜாதிக்காயும் பட்டையும் சேர்த்திருப்பார்கள். துருவி, தண்ணீரில் பட்டை, பிரியாணி இலை போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுப் பால், சர்க்கரை சேர்த்து வடிகட்டுவது. மேலே எண்ணெய் மினுங்கும், அதை எடுத்துப்போட வேண்டாம். நம்ம சுக்குக் காப்பி குடிக்கிற மாதிரி உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு முதல் நாள் பிடிக்கவில்லை. நாலாவது நாள் மகளிடம் இரண்டாவது டம்ளர் கேட்டேன்.

மார்ச் 27

உலகச் சந்தையில் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது என்று நேற்றுச் செய்தி. உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் தருகிற ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் விளைச்சல் விழுந்துவிட்டது, அதனால்தான். எங்கள் ஊரிலும் விலை ஏறியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் மனசில் கிடந்ததை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். நாங்கள் கொட்டை போடுகிற வியாபாரி பத்து வருஷமாக ஒவ்வொரு தடவையும் "தண்ணி அதிகம்" என்று சாக்குக்கு ரெண்டு கிலோ, மூணு கிலோ கழிக்கிறார். எவ்வளவு தண்ணீர் என்று எங்கள் முன்னால் வடிகட்டிக் காட்டியது கிடையாது. நூறு கிலோ ஈரக் கொட்டை காய்ந்தால் 35, 40 கிலோ வரும் என்ற கணக்கே எனக்கு அந்தத் தோட்டத்து அம்மா சொல்லித்தான் தெரியும். இது தெரிந்திருந்தால் என்றைக்கோ கேட்டிருப்பேன்.

மார்ச் 29

"அப்படியானால் விவசாயி எல்லோரும் அவரவரே புளிக்க வைக்க வேண்டும் என்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். கிரெனடாவிலேயே சின்ன விவசாயிகள் நிறையப் பேர் ஈரக் கொட்டையைத்தான் கொடுக்கிறார்கள். அந்த அம்மாவுக்கும் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் உண்டு, அவரும் அப்படித்தான். ஆனால் வாங்குவது 1964ல் ஏற்பட்ட கோகோ விவசாயிகள் சங்கம். சங்கமே புளிக்க வைத்துக் காயவைத்து விற்கிறது. அந்தத் தீவின் கோகோ முழுவதையும் உயர்ந்த வாசனை ரகம் என்று சர்வதேசக் கோகோ அமைப்பு பட்டியலில் வைத்திருக்கிறது, எல்லாப் பெட்டியும் ஒரே பக்குவத்தில் இறங்குவதற்கு அதில் பங்கு உண்டு. 1999ல் ஹெர்மிடேஜ் என்ற கிராமத்தில் மூன்று பேர் சேர்ந்து கிரெனடா சாக்லேட் கம்பெனி தொடங்கினார்கள், சூரிய மின்சாரத்தில் ஓடுகிற சின்னப் பட்டறை. கொட்டை விளைகிற ஊரிலேயே கடைசி வரை செய்து கட்டியாகவே விற்கலாம் என்று காட்டினார்கள்.

ஆக, தனியாகச் செய்வதா கூட்டாகச் செய்வதா என்பது அப்புறம். அந்த ஒரு வாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு இப்போது கேள்வி.

ஏப்ரல் 21

செய்து பார்த்தேன். மூங்கில் கூடையில் வாழை இலை விரித்து 12 கிலோ ஈரக் கொட்டை. முதல் நாள் கள் வாசம் வந்தது, நம்பிக்கையாக இருந்தது. மூன்றாம் நாள் கையை விட்டேன், ஜில்லென்று இருந்தது. ஐந்தாம் நாள் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. காயவைத்து வாணலியில் வறுத்தபோது வீடு முழுக்க வறுத்த புளியங்கொட்டை வாசம். மகளுக்கு போன் போட்டேன். அவள் அந்த அம்மாவிடம் கேட்டுச் சொன்னாள்: குவியல் சின்னது, சூடு பிடிக்கவே பிடிக்காது, ஒரு கூடை அளவுக்கெல்லாம் சாக்லேட் வராது, பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேள்.

மே 26

கேட்டேன். மூன்று தோப்பு சேர்ந்து 140 கிலோ. ஆசாரி பழைய வேப்பம்பலகை இருக்கிறது என்றார், கசப்பு ஏறிவிடும் என்று பயந்து மாம்பலகையில் பெட்டி அடித்தோம், அடியில் 12 ஓட்டை. மூன்றாம் நாள் விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து போய் இலையை விலக்கினேன், முகத்தில் ஆவி அடித்தது. வீட்டுக்காரர் டார்ச் அடிக்க, மருந்துக்கடையில் வாங்கிய காய்ச்சல் தெர்மாமீட்டரைச் சொருகினோம், 42ல் போய் முட்டி நின்றுவிட்டது, அதற்கு மேல் அதில் எண் கிடையாது. பக்கத்துத் தோப்பு அண்ணன் கையை விட்டுப் பார்த்துவிட்டு "அடுப்பு எங்கே வச்சிருக்கீங்க" என்று பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

ஆறாம் நாள் களத்தில் விரித்தோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். கோடு நேராக வரவில்லை, அது பழக்கத்தில் வருவது. இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது, தார்ப்பாய்க்குள் கொட்டை வேர்த்துவிட்டது. வீட்டுக்காரர் சக்கரத் தட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போயிருக்கிறார்.

ஜூலை 4

பெரில் புயல் 1ஆம் தேதி காரியகோ தீவில் ஏறியிருக்கிறது, கிரெனடாவுக்குச் சொந்தமான தீவு அது. வடக்குக் கரை, செயின்ட் பாட்ரிக், அங்கேயும் பலத்த அடி. மகள் தெற்கே பத்திரமாக இருக்கிறாள். அந்த அம்மாவிடமிருந்து தகவல் இல்லை, போன் போகவில்லை.

அவர் சொன்னது ஞாபகம் வருகிறது. 1955ல் ஜேனட் புயலில் அவர் கைக்குழந்தை. 2004ல் ஐவன் அடித்தபோது தோட்டத்தில் நின்ற ஜாதிக்காய் எல்லாம் வேரோடு போயிற்று. ஐவனுக்கு முன்னால் உலகத்தில் ஜாதிக்காய்க்கு இரண்டாம் இடத்தில் இருந்த தீவு அது. ஜாதிக்காய் காய்க்க ஏழெட்டு வருஷம், கோகோ மூன்று நாலு வருஷத்தில் வந்துவிடும், அதனால் நிறையப் பேர் கோகோவை நம்பித்தான் எழுந்தார்கள் என்றார்.

ஜூலை 9

மகள் அந்த அம்மாவோடு பேசிவிட்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை. கூரைத் தகரம் பாதி போய்விட்டது. நிழலுக்கு நின்ற பெரிய மரங்கள் சாய்ந்து கோகோ மேல் விழுந்து கிடக்கின்றன. சாயாமல் நிற்கிற கோகோ மரங்களுக்கு இப்போது நேர் வெயில், இலை கருகுகிறதாம்.

ஜூலை 30

எங்கள் காய்ந்த கொட்டையில் 50 எடுத்து நெடுக்காக வெட்டி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் படம் எடுத்து மகள் மூலமாக அந்த அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன், புயலுக்கு முந்தின வாரம். இந்த நிலையில் அதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. நேற்றுக் குரல் பதிவு வந்தது. 50ல் 13 இன்னும் ஊதாவாக இருக்கிறதாம், ஓரத்துக் கொட்டைக்குச் சூடு போகவில்லை, வாரிப் போடும்போது ஓரத்தில் இருப்பதை நடுவுக்குப் போடு, இன்னும் ஒரு நாள் கூட வை. மற்றது நல்ல பழுப்பு, உடைப்பு நன்றாக விழுந்திருக்கிறது என்றார்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மகள் கேட்டிருக்கிறாள். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. வாழைக்கன்று வைத்துக்கொண்டிருக்கிறாராம். கோகோவுக்கு நிழல் வேண்டுமே, வாழைதான் சீக்கிரம் எழும்பும், முதலில் வாழை.